பாசி சாரும் அவருடைய பங்காளிகளும்

சித்தூரிலிருந்து திருப்பதி வரைக்கும் ரயில் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் எத்தனை ஊர் உண்டோ, அத்தனை ஊரிலும் வலை போட்டுத் தேடினாலும் பாசி சாரைப் போல் சோகமாகக் காலை வணக்கம் சொல்லும் ஒரு மனிதர் கிடைக்கமாட்டார். "குட்மார்னிங் மேடம்" என்று அவர் சொன்னால், யாரோ போய்விட்டார்கள், அதை நமக்குப் பக்குவமாகத் தெரிவிக்கிறார் என்றுதான் தோன்றும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவர் எனக்கு அப்படி வணக்கம் சொன்னதும், கைப்பையிலிருந்து போனை எடுத்து வீட்டுக்கு அடித்து எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டுக்கொண்டேன்.

காலேஜ் திருப்பதியில். நான் காமர்ஸ், அவர் விலங்கியல். இரண்டு பேருக்கும் வீடு சித்தூரில். காலை பாசஞ்சரில் ஒரே பெட்டி, பாகாலா ஜங்ஷனில் ஒரே டீக்கடை. ஆள் நெட்டை. முழுக்கை வெள்ளைச் சட்டை, நீள முகம், அந்த முகத்தை இன்னும் நீளமாக்குகிற தாடி. சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குச் சளி பிடித்தால் மற்றவர்கள் மாத்திரை பெயர் சொல்வார்கள். அவர் என் கைக்குட்டையை மரியாதையோடு பார்த்து, "அதுல எத்தினி பேர் செத்துக் கெடக்கறாங்க தெரியுமா மேடம்? அத்தினியும் வெள்ளை அணுங்க. உங்களுக்காவ சண்டை போட்டுப் போன உயிருங்க. நீங்க பாட்டுக்குத் தூக்கிப் போட்டுட்டுப் போய்க்கினே இருக்கீங்க" என்பார். அதற்கப்புறம் மனுஷிக்கு மூக்கைச் சிந்தவே பயமாக இருக்கும்.

லேபின் மூலையில் அவருக்கென்று ஒரு கண்ணாடித் தொட்டி உண்டு. அதில் உப்புத் தண்ணீர். தண்ணீருக்குள் வரிசையாகக் கண்ணாடித் தகடுகள். தகடுகளின் மேல் ஆரஞ்சும் ஊதாவுமாகக் குட்டிக் குட்டிப் பூப்போட்ட ஒரு வழவழப்பான படலம். பார்த்தவர்கள் எல்லோரும் பாசி என்றார்கள். "பாசி இல்ல. பிராணி. நமக்குப் பங்காளி முறை ஆவுது" என்று அவர் ஒவ்வொருவராகப் பிடித்துத் திருத்தினார். திருத்தத் திருத்த அந்தப் பெயர் அவர்மேலேயே ஒட்டிக்கொண்டது. அட்டெண்டரிலிருந்து பிரின்சிபால்வரை எல்லோருக்கும் அவர் பாசி சார்தான்.

ஒருதடவை காலேஜைப் பார்வையிட அதிகாரிகள் வருவதாக இருந்தது. அட்டெண்டர் முனிரத்தினம் நல்ல மனிதர், ரொம்பவும் சுத்தக்காரர். முந்தின நாள் சாயங்காலம் தகடுகளை எல்லாம் வெளியே எடுத்து, சோப்புத்தூள் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, பளபளவென்று அடுக்கி வைத்துவிட்டார். மறுநாள் பாசி சார் தொட்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். முனிரத்தினத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆபீசில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த ரயிலேறிச் சித்தூருக்குப் போய்விட்டார். காரணம் கேட்ட இடத்தில், நெருங்கிய உறவினர் மரணம் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தார்.

அவருக்கு இருந்த ஒரே நெருங்கிய உறவு தம்பி ஜெயராஜ். சித்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டயர் கடை வைத்திருந்தார். ஆகவே போனது ஜெயராஜ்தான் என்று ஸ்டாஃப் ரூமில் முடிவாயிற்று. அதிகாரிகள் கிளம்பியதும் பிரின்சிபால் காலேஜ் வேனை எடுக்கச் சொன்னார். வழியில் ஆளுயர ரோஜா மாலை ஒன்று வாங்கினோம். வேனில் நாங்கள் எல்லோரும் முகத்தைத் துக்கத்துக்குத் தயார் செய்துகொண்டோம். சர்ச்சுக்குப் பின்தெருவில், ஒரே காம்பவுண்டுக்குள் நடுச்சுவர் வைத்துப் பிரித்த இரண்டு வீடுகள். கேட்டைத் திறந்தவர் லுங்கியும் பனியனுமாக, நல்ல வாட்டசாட்டமான ஆள்.

"எவரு காவாலி சார்?" யார் வேண்டும் என்று தெலுங்கில் கேட்டார்.

"ஜெயராஜ் காரி இல்லு..." என்று வீட்டை விசாரிக்கிற மாதிரி இழுத்தார் பிரின்சிபால்.

"நேனே ஜெயராஜ்." நான்தான் என்கிறார்.

அவ்வளவு பெரிய மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளிக்க முடியாது. பிரின்சிபால் ஒரு கணம் தவித்தார். பிறகு அதை ஜெயராஜின் கழுத்திலேயே போட்டு, "கங்கிராஜுலேஷன்ஸ்" என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். ஜெயராஜ் மாலையும் கழுத்துமாக நடுச்சுவருக்கு அப்பால் இருந்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். ஜன்னலில் பாசி சார் நின்றுகொண்டிருந்தார். "இது அவன் வேலையா?" என்று ஜெயராஜ் எங்களைத்தான் கேட்டார்.

மறுநாள் ரயிலில், "நீங்களும் தம்பியும் பேசிக்கறதில்லையா சார்?" என்று கேட்டேன்.

"எங்கம்மா சாவுலருந்து இல்ல" என்றார்.

அவர்களுடைய சர்ச்சில் காலையில் தமிழ் ஆராதனை, அது முடிந்ததும் தெலுங்கு ஆராதனை. குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் ஆராதனைக்குப் போகிற குடும்பம். ஜெயராஜ் ஸ்வரூபா என்ற தெலுங்குப் பெண்ணைக் கட்டிக்கொண்டு தெலுங்குப் பக்கம் போய்விட்டார். அம்மா இறந்தபோது அண்ணன் தமிழ்ப் போதகரைக் கூப்பிட்டார், தம்பி தெலுங்குப் போதகரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். நடுவில் பெட்டி. ஒரே பாட்டு, ஒரே ராகம். இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் தெலுங்கு. எந்தப் பக்கம் முதலில் நிறுத்துவது? கடைசிச் சரணம் முடிந்ததும் இரண்டு கட்சியும் மறுபடி முதல் சரணத்துக்கு வந்தார்கள். குழி வெட்டினவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்களாம்.

"மழை வந்ததுனால நிறுத்தினோம்" என்றார் பாசி சார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அம்மா கடைசியா எந்த பாஷையில பேசினாங்கன்னு அன்னிக்கு சாயங்காலம் அவன் என்னைக் கேட்டான் மேடம். ரெண்டுலயும் இல்ல. தண்ணி வேணும்னு கையைக் காமிச்சாங்க, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முனிரத்தினம் கழுவிய வம்சத்துக்குப் பதிலாக வேறு கொண்டுவர வேண்டுமே. மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளின் அடிவயிற்றில் அது மண்டிக்கிடக்குமாம். விடுமுறைக்கு விடுமுறை மெட்ராசுக்குப் போய், அதைச் சுரண்டி எடுத்து, கேன் கேனாகக் கடல் தண்ணீரோடு ரயிலில் கொண்டுவருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நகரியில் என் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு ஏகாம்பரகுப்பத்தில் ரயில் ஏறினால், உள்ளே பாசி சார். மடியில் கேன். இரண்டு கையாலும் அதை அணைத்துக்கொண்டு, குலுங்காமல், கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தார். பெட்டி நிறையத் திருமலைக்குப் போகிறவர்கள். அந்தத் தாடியையும் அந்தப் பக்தியையும் பார்த்த ஒரு பெரியவர் கைகூப்பி, "ஏ தீர்த்தம் ஸ்வாமி?" என்று கேட்டார்.

"சமுத்திரம்" என்றார் இவர். பொய் சொல்லத் தெரியாது.

அவ்வளவுதான். சமுத்திர தீர்த்தம் என்று பெட்டி முழுக்கக் கை நீண்டது. கொடுக்க மாட்டேன் என்று சொல்லவும் அவருக்குத் தெரியாது. மூடியில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தார். தலையில் தெளித்துக்கொண்டார்கள், நாக்கிலும் விட்டுக்கொண்டார்கள். "உப்பு ஜாஸ்தி" என்றது ஒரு குழந்தை. பெரியவர் அதை அதட்டினார். புத்தூர் வருவதற்குள் கேனில் பாதி இல்லை.

"பாவம் சார், உங்க தண்ணி" என்றேன்.

"தண்ணி போனா போவுது. குஞ்சுங்க நீந்திக்கினு இருந்தது மேடம் அதுல" என்றார். முகத்தில் ஈயாடவில்லை.

அன்றைக்குத்தான், என்ன பிராணி இது, இதற்கும் நமக்கும் என்ன உறவு என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். ரேணிகுண்டா வரைக்கும் சொன்னார். குஞ்சாக இருக்கும்போது அதற்கு வால் உண்டு, முதுகில் நமக்கு இருக்கிற மாதிரி ஒரு தண்டு உண்டு. கொஞ்ச நேரம் நீந்திவிட்டு, ஒரு கல்லைப் பார்த்து ஒட்டிக்கொண்டு, வாலையும் தண்டையும் கரைத்துவிட்டு, ஆயுசு முழுக்கத் தண்ணீரை உறிஞ்சித் துப்பிக்கொண்டே கிடக்கும்.

"கல்யாணம் ஆன ஆம்பளைங்க மாதிரியா சார்?"

"இல்ல மேடம். இதுங்க தண்ணியையாவது சுத்தம் பண்ணுதுங்க." கிண்டல் இல்லை, தகவலாகத்தான் சொன்னார். "நம்ம ரத்தத்துல இருக்கற வெள்ளை அணு எங்க பொறக்குது?"

"எலும்பு மஜ்ஜையில." பத்தாங்கிளாசில் படித்தது.

"எலும்பே இல்லாத இதுக்கு?"

எனக்கு எப்படித் தெரியும்?

"தொண்டைக்குக் கீழ ஒரு வாய்க்கால் மாதிரி இருக்குது. தாய் செல்லுங்க அங்கதான் குடியிருக்குது. கிருமியை முழுங்கற செல்லு, அடிச்சிக் கொல்ற செல்லு, எல்லாம் அதுங்க பெத்து அனுப்பறதுதான். எலும்புன்னு ஒண்ணு உலகத்துல வர்றதுக்கு முன்னாடியே இந்தச் சமையல் ஆரம்பிச்சாச்சு மேடம். மீனுக்கு வந்தப்போ அடுப்பு கிட்னிக்குள்ள போச்சு. நமக்கு எலும்புக்குள்ள போச்சு. எடம்தான் மாறிச்சு, சமையல்காரங்க அதே வம்சம்."

அந்த அணுக்கள் அந்தக் காலத்தில் என்ன வேலைக்காக உண்டாயின என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. ஒரே கல்லில் இரண்டு கூட்டம் வளர்ந்து வளர்ந்து ஒன்றையொன்று தொடும். சொந்தம் என்றால் இரண்டின் ரத்தக் குழாயும் சேர்ந்து ஒரே ஓட்டமாகிவிடும். சொந்தம் இல்லையென்றால் கொல்கிற அணுக்கள் ஓடிவந்து எல்லையில் அடித்துக்கொண்டு சாகும். அந்த இடத்தில் தீய்ந்துபோன மாதிரி ஒரு கோடு விழுந்துவிடும்.

"கிருமிக்காவத்தான் இதெல்லாம் வந்துச்சுன்னு நெறைய பேர் சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணல. மொத எதிரி கிருமி இல்ல மேடம். பக்கத்து வீட்டுக்காரன்" என்றார்.

இப்படிப் பேசுகிற மனிதரைத் தம்பி எப்படிப் பொறுத்துக்கொள்வார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் ஜெயராஜுக்கு உடம்பு கெட்டது. பல் தேய்த்தால் ரத்தம் நிற்காது. டயர் இடித்த இடமெல்லாம் மை கொட்டின மாதிரி கறுத்துப்போகும். படியேறினால் மூச்சு வாங்கும். வேலூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, மஜ்ஜை வேலையை நிறுத்திவிட்டது என்றார்கள். வெளியிலிருந்து வந்த கிருமி இல்லை. அவருடைய சொந்தச் சிப்பாய்களே போய் அடுப்பை அணைத்துவிட்டிருந்தார்கள். கூடப் பிறந்தவருடைய தாய் செல்கள் பொருந்தினால் பிழைக்க வழி உண்டு. இல்லாவிட்டால் ரொம்ப நாள் தாங்காது.

ஒருநாள் காலை சித்தூர் பிளாட்பாரத்தில் ஸ்வரூபா நின்றுகொண்டிருந்தாள். அண்ணனோடு பேசக்கூடாது என்று புருஷன் சத்தியம் வாங்கியிருந்தார். அதனால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாசி சார் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, மீரே செப்பண்டி. நீங்களே சொல்லுங்க. அவர் டெஸ்ட் குடுத்தா நம்ம ஆளு பொழைப்பாரு."

"பொருந்தாதுன்னு சொல்லுங்க மேடம்" என்றார் இவர் என்னிடம். "ஒரே அப்பா அம்மான்னாலும் நாலுல ஒரு பங்குதான் பொருந்தறதுக்கு எடம். எங்க ரெண்டு பேருக்கும் காப்பிகூட ஒத்துப் போவாது."

அவள் அழ ஆரம்பித்தாள். வண்டி வந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரோடு பேசாமல் எதிர்ப் பலகையில் போய் உட்கார்ந்தேன். பாகாலா வந்தது. டீக்கடைக்கு இறங்கினார். டீ வாங்கவில்லை. படியேறி அந்தப் பக்கம் பிளாட்பாரத்துக்குப் போனார். காட்பாடி போகிற வண்டி நின்றுகொண்டிருந்தது. வந்த வழியே திரும்பி, சித்தூரையும் தாண்டி, நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையை நீட்டிவிட்டார்.

கொஞ்ச நாள் கழித்து, குட்மார்னிங் சொல்கிற அதே குரலில், "பொருந்திடுச்சு மேடம். எல்லாத்துலயும்" என்றார்.

இப்போது தம்பி மாட்டேன் என்றார். "அந்த மூஞ்சி எனக்குள்ள வாணாம். அவன் ரத்தம் ஏறிச்சுன்னா நானும் சிரிக்கமாட்டேன்" என்று வார்டிலேயே சத்தம் போட்டிருக்கிறார். ஸ்வரூபா காலில் விழுந்தாள், டாக்டர் சொன்னார், போதகர் சொன்னார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். அணு மட்டும் வரலாம். ஆள் கண்ணில் படக்கூடாது.

"எனக்கும் அதான் சௌகரியம்" என்றார் பாசி சார். ஆனால் டீயைக் குடிக்காமலே கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ரயில் நகர்ந்ததும் மெதுவாகச் சொன்னார்: "பயமா இருக்குது மேடம். என் ஆளுங்க கெட்டவனுங்க. இன்னும் கொஞ்சம் பொருந்தாம இருக்கறது எதுனா உள்ள இருக்கும். போன எடத்துல அவனை அந்நியன்னு நெனச்சி அடிச்சிட்டானுங்கன்னா? நான்தானே கொன்னதா ஆவும்?" எப்போதும் கெட்டதையே சொல்கிற மனிதர்தான். அன்றைக்கு மட்டும் நான் சிரிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தெலுங்கு ஆராதனையில் தம்பிக்காக ஜெபம் பண்ணினார்கள். தமிழ் ஆராதனையில் தங்கள் சபையைச் சேர்ந்த அண்ணனுக்காக ஜெபம் பண்ணினார்கள். வேலூர் ஆஸ்பத்திரியில் சேரப்போகிறார் என்று மட்டும் சொன்னார்கள். ஊரில் பாதிப் பேருக்குச் சாகக் கிடப்பது பாசி சார்தான் என்று ஆகிவிட்டது. ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்சுமாகக் கூட்டம் வந்தது. அவரோடு மனஸ்தாபப்பட்டவர்கள் எல்லாம் வந்து கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்கள். நான் போனபோது வாசலில் வரிசையே நின்றது. "உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லக்கூடாதா சார்?" என்றேன்.

"இன்னான்னு சொல்றது? எல்லாரும் எப்பவாவது போறவங்கதானே" என்று ஒரு ஆரஞ்சை உரித்து எனக்குப் பாதி கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் சில நாட்கள் அவருக்கு ஊசி போட்டார்கள். மஜ்ஜையில் குடியிருக்கிற தாய் செல்களை ரத்தத்துக்குள் விரட்டுகிற ஊசி. எலும்பெல்லாம் நொறுங்குகிற மாதிரி வலிக்குமாம். பிறகு ஒரு மெஷின் பக்கத்தில் படுக்க வைத்து, ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, வேண்டியதைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை மறு கையில் ஏற்றினார்கள். நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். முடிந்ததும் நர்ஸ் ஒரு சின்னப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தக்காளி ரசம் மாதிரி ஒரு நிறம். "சிஸ்டர், ஒரு நிமிஷம் காமிங்க" என்று கூப்பிட்டார். பையைத் தொடாமல் பக்கத்தில் குனிந்து, "போற எடத்துல ஒழுங்கா நடந்துக்கங்க. அவன் நம்ம ஆளு" என்றார். அந்தப் பெண் மலையாளி. நோயாளிக்கு வலியில் மனம் பேதலித்துவிட்டது என்று எழுதிவைத்தாளோ என்னவோ.

பை மாடிக்குப் போயிற்று. இவர் மாடிக்குப் போகக்கூடாதே. அதனால் டிஸ்சார்ஜ் ஆன பிறகும் கீழே, லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். காலேஜுக்கு லீவு. ஸ்வரூபா இறங்கி வரும்போதெல்லாம் எழுந்து நிற்பார். அவள் பேசமாட்டாள், தலையை மட்டும் ஆட்டுவாள். ஒருநாள் அவள் தலையை ஆட்டாமல் அழுதாள். அவர் பயந்தது நடந்துவிட்டது. ஜெயராஜின் உள்ளங்கை, முதுகு, முகமெல்லாம் சிவந்து தடித்து, தோல் உரிய ஆரம்பித்திருந்தது. வயிறு எதையும் ஏற்கவில்லை. அண்ணனுடைய அணுக்கள் தம்பியை அடித்துக்கொண்டிருந்தன.

அந்த நிலைமையிலும் அந்த மனிதருக்கு வாய் ஓயவில்லை. "உள்ள பூந்தும் என்னைப் பிராண்டிக்கினுதான் இருக்கான். நிறுத்தச் சொல்லு அவனை" என்று சொல்லி அனுப்பினார். எத்தனையோ வருஷத்துக்கப்புறம் தம்பி அண்ணனுக்கு அனுப்பிய முதல் செய்தி அதுதான்.

பாசி சார் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை. சாப்பிடவும் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு ஆறுதல் சொல்கிற அளவுக்கு எனக்கு விஷயம் தெரியாது. காமர்ஸ் படித்தவள் அங்கே என்ன சொல்ல முடியும்? வாங்கி வந்த இட்லியை அவர் பக்கம் நகர்த்தி நகர்த்தி வைத்தேன், அவ்வளவுதான்.

டாக்டர்கள் மருந்தை மாற்றினார்கள். மெல்ல மெல்லச் சிவப்பு இறங்கியது. ஒரு காலை ஸ்வரூபா லிஃப்டிலிருந்து வெளியே ஓடிவந்தாள். சத்தியத்தையெல்லாம் மறந்து, "பாவகாரு, அன்னம் தின்னாரு!" என்று, கொழுந்தன் முறையில் கூப்பிட்டு, நேராக அவரிடமே கத்தினாள். ஜெயராஜ் சோறு சாப்பிட்டுவிட்டாராம். பாசி சார் அப்போதும் சிரிக்கவில்லை. என் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்ன ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு ஜெயராஜுக்குப் புதிதாக ஒரு குறை. ஓ பாசிட்டிவாக இருந்தவர் பி பாசிட்டிவாகிவிட்டார். செல் பொருந்துவதற்கு ரத்த குரூப் ஒன்றாக இருக்க வேண்டியதில்லையாம். அவருடைய மஜ்ஜையில் இப்போது சமைப்பது முழுக்க அண்ணனுடைய செல்கள். "டிரைவிங் லைசென்ஸ்ல குரூப்பை மாத்தணுமாம். கூட்டம் கூட்டமா வந்து குடியேறிட்டான், வாடகையும் குடுக்கமாட்டான்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் புலம்பினார். அண்ணனைப் பற்றி ஊரில் அவர் பேசினதே அதற்கப்புறம்தான்.

இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. தினம் காலையில் ஸ்டேஷனுக்குக் கிளம்புமுன் பாசி சார் நடுச்சுவர் ஓரம் நின்று, "காய்ச்சல் இருக்குதா?" என்பார். "இல்ல" என்று பதில் வரும். அவ்வளவுதான் பேச்சு. அதற்காகவே முன்னைவிடக் கொஞ்சம் சீக்கிரம் கிளம்புவார். தம்பிக்கு இன்னும் எதிர்ப்புச் சக்தி கூடிவரவில்லை, குழந்தை மாதிரி, எது வேண்டுமானாலும் தொற்றும் என்று, தனக்கு ஒரு தும்மல் வந்தால்கூட வீட்டுக்குப் போகமாட்டார். திருப்பதியிலேயே லேபில் பெஞ்சைச் சேர்த்துப் போட்டுப் படுத்துக்கொள்வார். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தும்மல் எப்படிப் பறக்கும் என்று கேட்டால், அதற்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்துவார்.

போன மழைக்காலத்தில் அவருக்கு இருமல் வந்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. காலும் கொஞ்சம் வீங்கியிருந்தது. "டாக்டரைப் பாருங்க சார்" என்றேன். "வைரஸ் மேடம். வந்த வழியே போயிடும். அது போறவரைக்கும் வீட்டுப் பக்கம் போவக்கூடாது, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டார். உடம்பில் எது நடந்தாலும் அதற்குக் கிருமியும் அணுவும்தான் காரணம் என்று நாற்பது வயது தாண்டியும் நம்பிய மனிதர். இருதயத்தைப் பற்றி அவர் ஒருநாளும் மதிப்பாகப் பேசினதில்லை. அது வெறும் பம்பு என்பார். அந்தப் பம்புதான் நின்றது. முனிரத்தினம் காலையில் லேபைத் திறந்தபோது பாசி சார் தொட்டிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தார். இருமலும் வீக்கமும் இருதயம் செய்த வேலை என்று பிறகு சொன்னார்கள். யாருக்கும் ஒட்டாத வியாதி. வீட்டுக்குப் போயிருந்தால் ஸ்வரூபாவாவது பார்த்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருப்பாள். இவ்வளவு படித்தவருக்கு இது தெரியாமல் போயிற்றே என்று எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. இப்போதும் போகவில்லை.

சாவு வீட்டைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒரு மாதம் போல் கழித்து, தொட்டியை எடுத்துக்கொண்டு போக ஜெயராஜ் காலேஜுக்கு வந்தார். வாயில் மாஸ்க், கொஞ்சம் இளைத்திருந்தார். நான் லேபைத் திறந்துவிட்டேன். முனிரத்தினம் தினம் தவறாமல் தண்ணீர் மாற்றியதில் தகடுகளில் ஆரஞ்சும் ஊதாவும் அப்படியே இருந்தன.

"கடைசியில வீட்டுக்கே வரலையே மேடம்" என்றார் ஜெயராஜ், தொட்டியைப் பார்த்தபடியே. "மறுபடி எதுக்கோ கோவம்னு நெனச்சேன். நானும் போய்ப் பார்க்கல. இன்னா கோவம்னு உங்ககிட்ட எதுனா சொன்னாரா?"

"கோவம் இல்ல தம்பி. சளின்னு நெனச்சிக்கினு இருந்தாரு. உங்களுக்கு ஒட்டிக்கும்னுதான் வரல."

அவர் தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து வாளிக்குள் வைக்க ஆரம்பித்தார். கண் தெரியாமல் எடுத்தாரோ என்னவோ, ஒரு தகட்டின் விளிம்பு விரலைக் கீறிவிட்டது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் மொட்டு மாதிரி திரண்டு நின்றது. நல்ல சிவப்பு, ஆரோக்கியமான ரத்தம். கைக்குட்டையை எடுக்கப் பையில் கைவிட்டவள், எடுக்காமல் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். பாசி சாரைப் பார்த்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

"அழுத்திப் பிடிங்க தம்பி" என்றேன். "ஒரு சொட்டுகூட வீணாவக்கூடாது."